ஓடும்போது நார்மல், நின்றால் கொதிக்கிறது: காரில் என்ன கோளாறு?

[காட்சி: டேஷ்போர்டு. சூடு காட்டும் ஊசி மெல்ல ஏறுகிறது.]

இந்த ஊசியைப் பாருங்கள். வண்டி வேகமாகப் போனவரை நடுவிலேயே நின்றது. சிக்னலில் நின்ற சில நிமிடங்களில் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. வண்டியை நகர்த்தினால் தானாக இறங்கிவிடும். உங்கள் காரும் இப்படித்தானா? எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன் ஏசி பட்டனையும் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்துச் சோதித்துவிடுங்கள்.

பின்னணி சுருக்கமாக: கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது, அங்கே காற்று அதை வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே. வெயிலில் சைக்கிள் மிதிக்கும்போது வேர்ப்பதே தெரியாது. நிறுத்திக் காலை ஊன்றிய மறுகணம் சட்டை நனைந்துவிடும். உடம்புச் சூடு திடீரென்று கூடிவிடவில்லை, எதிர்க்காற்று நின்றுபோனது. காரும் அப்படியே. நிற்கும்போது அதற்குக் கிடைப்பது ஃபேன் இழுக்கும் காற்று மட்டும். அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

[காட்சி: பானட் திறந்திருக்கிறது.]

எஞ்சின் ஓடட்டும். ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே அல்லது கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் சூடேறினால் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். இரண்டுக்குமே சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), மோட்டார் என்று வரிசையாகப் போங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே நம்பரில் இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், கையை உள்ளே விடாதீர்கள்.

சரி, ஃபேன் சுற்றுகிறது, சூடும் ஏறுகிறது. இப்போது தாள். முன்பக்க கிரில் மேல் வையுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு காரில் தாள் என் முகத்துக்கே பறந்து வந்தது! புது மோட்டார் மாட்டியபோது இரண்டு வயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டால் சத்தம் சரி, பார்த்தால் வேகம் சரி. அந்தத் தாள் இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

தாள் ஒட்டவும் இல்லை, பறக்கவும் இல்லையா? ஏசி கண்டன்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும்.

காற்று சரியாக இருந்தால் அப்புறம்தான் தண்ணீர்ப் பக்கம். கூலன்ட் குறைந்திருக்கிறதா, உள்ளே காற்று சிக்கியிருக்கிறதா, ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்கிறதா, வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கிறதா? நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் சூடு இறங்குகிறது என்றால் பம்ப் மேல் சந்தேகப்படலாம். தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் கொதிக்கும், அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெரிசலில் மாட்டி ஊசி ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உங்கள் பக்கம் வந்துவிடும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். அழுத்தத்தில் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த நொடியில் பீறிட்டு அடிக்கும்.

உங்கள் காரில் தாள் ஒட்டியதா, பறந்ததா? வண்டி மாடலோடு கமெண்ட்டில் எழுதுங்கள்.