தாத்தாவின் பீரோ யார் பக்கம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நம் வாசிப்பு ரசனையைத் தீர்மானிப்பது வளர்ந்த சூழலா, சொந்தத் தேடலா என்பது தலைப்பு. சூழலே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பத்து வயதில் தாத்தாவின் பீரோவைத் திறந்து நானாகவே படித்தேன்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தப் பீரோ கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு பீரோ இருந்தது. அதற்குள் ரேஷன் கார்டு, அம்மாவின் பட்டுப்புடவை இரண்டு, அடகுக் கடைச் சீட்டுகள். எவ்வளவு தேடியிருந்தாலும் ஒரு நாவல் அகப்பட்டிருக்காது. நான் படித்த முதல் கதை, பக்கோடா கட்டி வந்த தாளில் இருந்தது. கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள்; அதற்குமேல் எண்ணெய். அவள் குதித்தாளா, தண்ணீர் இறைக்கத்தான் வந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரித்திர நாவல் பிடித்துப்போனதில் என்ன வியப்பு? 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 18 சதவீதம்தான். மற்றவர்களுக்கு ரசனை இல்லையா? இருந்தது. தெருக்கூத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் ராகம் போட்டு வாசித்த நல்லதங்காள் கதையில், அல்லி அரசாணி மாலையில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் கண்ணில் பட வேண்டுமே என்று 'பெரிய எழுத்து' நூல்களாக அவற்றை அச்சிட்டார்கள். 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி தேநீர்க் கடை பெஞ்சைப் பிடித்ததும் இப்படித்தான். சின்னச் சின்ன வாக்கியம். ஒருவர் உரக்கப் படித்தால் நான்கு பேருக்கு விளங்கும். அதைப் படித்தவர்களைப் பார்த்து "ரசனை போதாது" என்று உதட்டைப் பிதுக்கியவர்களின் வீட்டு வாசலில் எந்த நாளிதழ் விழுந்தது என்று விசாரித்துப் பாருங்கள். இதைப் பொறாமையில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

எதிரணித் தலைவர் ஜெயகாந்தனைத் துணைக்கு அழைத்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் சூழலை மீறி வரவில்லையா என்று கேட்டார். ஐயா, பள்ளியை விட்டவர் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார்? சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில். அங்கேயே தங்கி, தோழர்களின் பேச்சையும் விவாதத்தையும் கேட்டு வளர்ந்தார். பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் சூழலும் இருக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது?

கியூபாவுக்கு வாருங்கள். ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம். தொழிலாளர்கள் குனிந்து புகையிலை சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் மேடைமேல் அமர்ந்து நாளிதழும் நாவலும் உரக்க வாசிப்பார். அந்தக் காலத்தில் அவருக்குச் சம்பளம் தொழிலாளர்களின் கூலியிலிருந்து. எந்த நாவல் என்று முடிவு செய்வதும் அவர்களே. பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ' நாவல் அவர்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், அந்தப் பெயரிலேயே ஒரு சுருட்டு வந்துவிட்டது என்பார்கள். நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் இந்த வாசிப்பு வழக்கம் இருந்தது. அதே மனிதர்கள், அதே கூலிக்கு, இயந்திரம் இரைகிற ஓர் ஆலையில் இருந்திருந்தால் டூமா அவர்கள் காதில் விழுந்திருப்பாரா?

புத்தகக் கண்காட்சியில் போட்டித்தேர்வு வழிகாட்டிகள் விற்கும் கடைமுன் நிற்கிற இளைஞனைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். அவன் வீட்டில் முதல் பட்டதாரி அவன். அவனுக்குத் தெரிந்தவரை, புத்தகம் என்றால் முடிவில் ஒரு தேர்வு இருக்கும். 300 ரூபாய்க்குக் கவிதை வாங்கிப் போனால், "இதில் எந்த வேலைக்குக் கேள்வி வரும்?" என்று அப்பா கேட்பார். அவன் என்ன பதில் சொல்வான்?

நடுவர் மணியைத் தொடுகிறார். பீரோவுக்கு வந்துவிடுகிறேன். சகோதரி அதைத் திறந்தது தேடல்தான், மறுக்கவில்லை. ஆனால் புத்தகங்களை உள்ளே அடுக்கியவர், படிப்பும் மாதச் சம்பளமும் வாய்த்த தாத்தா. ஆகவே நடுவர் அவர்களே, அந்தப் பீரோவை எங்கள் அணிச் சாட்சியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாவியை வேண்டுமானால் சகோதரியே வைத்துக்கொள்ளட்டும்.