நாலரைக் கட்டையில் ஒரு கிதார்

அவையோருக்கு வணக்கம்.

வீட்டில் ஹார்மோனியம் வைத்திருப்பவர்கள் இன்றிரவு ஒன்று செய்து பாருங்கள். வெள்ளைக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். நாலரைக் கட்டையில் தொடங்கிக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்துங்கள். மோகனம் கேட்கும். 1950களில் சிகாகோ நகரத்தில் ஒரு சிறுவன் பியானோவின் கறுப்புக் கட்டைகளில்தான் விரல் பழகினான். மோகனம் என்ற பெயர் அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, விடுங்கள். பிறகு கையில் கிதார் கிடைத்தபோது, அதன் ஆறு தந்திகளையும் அந்தக் கறுப்புக் கட்டைகளுக்கே சுருதி கூட்டிக்கொண்டான். ஊரெல்லாம் கிதாருக்கு வேறு சுருதி வைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவன் மாற்றவில்லை. கடைசி வரை அதே சுருதிதான்.

அந்தச் சிறுவன்தான் அமெரிக்க சோல் இசைப் பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட். 1942 ஜூன் 3 அன்று பிறந்தவர். வறுமையான வீடு. பாட்டி தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர். சோல் இசை என்பது வேறொன்றுமில்லை: கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஆண்டவரை நோக்கிப் பாடிய அதே உருக்கத்தை, காதலுக்கும் பிரிவுக்கும் திருப்பிவிட்டது. தேவாலயத்தில் கூடப் பாடிய ஜெர்ரி பட்லரோடு ‘இம்ப்ரெஷன்ஸ்’ குழுவில் சேர்ந்தார். 1958இல் முதல் வெற்றி வந்தது. வந்த கையோடு பட்லர் தனியாகப் போய்விட்டார். கர்டிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கே கிதார் வாசித்து, பாட்டும் எழுதிக் கொடுத்துப் பணம் சேர்த்தார். பிறகு குழுவை மீண்டும் நிமிர்த்தினார்.

அக்காலத்துக் கறுப்பினப் பாடகர்களில் பலர் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் பணக்காரராவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரோ இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே தம் பாடல்களின் பதிப்புரிமைக்குச் சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டார். 1968இல் ‘கர்ட்டம்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் கூட்டாளி எடி தாமஸோடு தொடங்கினார். சாதுவான முகம், கணக்கில் கெட்டிக்காரர்.

குரலும் அப்படித்தான். மற்றவர்கள் தொண்டை கிழியப் பாடிய காலத்தில் இவர் மெல்லிய பொய்க்குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடினார். 1965இல் வந்த ‘பீப்பிள் கெட் ரெடி’ பாட்டில் ஒரு ரயில் வருகிறது. ஏறுவதற்குப் பயணச்சீட்டு வேண்டாம், நம்பிக்கை போதும். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் நின்றவர்களுக்கு அது எந்த ரயில் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. கடல் தாண்டி ஜமைக்காவில் பாப் மார்லியும் தோழர்களும் இம்ப்ரெஷன்ஸைக் கேட்டுக் கேட்டு மூன்று குரலில் பாடப் பழகினார்கள். மார்லியின் புகழ்பெற்ற ‘ஒன் லவ்’ பாட்டில் ‘பீப்பிள் கெட் ரெடி’யும் கலந்திருக்கிறது; மேஃபீல்டின் பெயரும் அதில் சேர்ந்திருப்பது அதனால்தான்.

1970இல் குழுவை விட்டுத் தனியே வந்தார். 1972இல் ‘சூப்பர் ஃப்ளை’ படத்துக்கு இசை. எனக்கு இந்த இடத்தில்தான் அவர்மேல் பெருமதிப்பு. படத்தின் நாயகன் கொக்கெய்ன் வியாபாரி. பகட்டான கார், பகட்டான உடை. கொக்கெய்னுக்கு எடுத்த விளம்பரம்போல இருந்தது என்று கர்டிஸே பின்னாளில் சொன்னார். ஆனாலும் அவர் விலகி ஓடவில்லை. படத்துக்குள் இருந்துகொண்டே படத்தோடு வாதாடினார். கதையில் ஃப்ரெடி என்றொரு சில்லறை ஆள் செத்துப்போகிறான். கதை அவனுக்காக நிற்காமல் நகர்கிறது. கர்டிஸ் நின்றார். அவனுக்காகவே ஒரு பாட்டு எழுதி, எல்லோரும் அவனைப் பயன்படுத்திக்கொண்டீர்களே என்று கேட்டார். படத்தில் அதன் இசை மட்டுமே வருகிறது, சொற்கள் இல்லை; அதனால் ஆஸ்கர் போட்டிக்கு அது தகுதி பெறவில்லை. படப் பாடல்களின் இசைத்தட்டோ விற்பனையில் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது.

பிறகு அடுத்தவர்களுக்கு இசை அமைத்துத் தயாரித்தார். கிளாடிஸ் நைட், ஸ்டேப்பிள் சிங்கர்ஸ், அரீதா ஃபிராங்க்ளின். பெரிய பெயர்கள், நேரம் இல்லை, தாண்டுகிறேன்.

1990 ஆகஸ்ட் 13. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் திறந்தவெளிக் கச்சேரி. மேடையேறும் நேரத்தில் பலத்த காற்று. விளக்குகள் கட்டிய கம்பிச் சட்டம் சாய்ந்து அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கிதார் அன்றோடு போயிற்று.

ஆனால் 1996இல் ஒரு புதிய இசைத்தொகுப்பு வந்தது. உட்கார்ந்து பாட மூச்சு போதாது. மல்லாந்து படுத்தால் புவியீர்ப்பு நெஞ்சை அழுத்திக் காற்றை வெளியே தள்ள உதவும் என்று கண்டுகொண்டார். அப்படியே படுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாடினார். ஒரு வரி, பிறகு ஓய்வு, பிறகு அடுத்த வரி. 1999 டிசம்பர் 26 அன்று, 57 வயதில் மறைந்தார்.

இப்போது இரண்டு பாடல்கள் போடச் சொல்லியிருக்கிறேன். முதலாவது 1965இல் நின்று பாடியது. அடுத்தது 1996இல் படுத்துப் பாடியது. இரண்டாவதில் வரிக்கும் வரிக்கும் நடுவே ஒட்டுப்போட்ட தையல் தெரிகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், எனக்கு இன்னும் பிடிபடவில்லை.