பவர்பேங்கில் 20,000 என்று போட்டிருக்கிறது, உள்ளே எவ்வளவு இருக்கிறது? இரண்டு ரெசிஸ்டர், ஒரு கடிகாரம் போதும்

வணக்கம் நண்பர்களே. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். இப்போது காலை மணி 9.05. பின்னால் சுவரில் தெரிகிற கடிகாரத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். இதோ இந்தப் பவர்பேங்கின் மேல் 20,000 எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதன் அளவு) என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கியது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருக்கிறேன், நான்கு புள்ளியும் எரிகிறது. ஒயரைச் செருகுகிறேன். சரி, அது பாட்டுக்கு ஓடட்டும், நாம் பேசுவோம்.

இந்த வேலையில் நான் ஏன் இறங்கினேன் என்று சொல்ல, போன வருடக் கதையைச் சொல்ல வேண்டும். அண்ணனுடைய ஸ்டுடியோவில் எடிட்டிங் என் வேலை. கல்யாணம், சீர், காதுகுத்து என்று வாரத்துக்கு ஒன்றாவது வரும். எல்லையோரத்து ஊர், அதனால் ஒரு முகூர்த்தம் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும், அடுத்தது பாலக்காட்டுப் பக்கம் இருக்கும். அப்படி வேலந்தாவளத்தில் ஒரு கல்யாணம் எடுத்தோம். மொத்த வீடியோவையும் 512 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். காப்பி ஆகி முடிந்தது. ஃபைல் பெயர்கள் வரிசையாக இருந்தன. முதல் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்தேன், நன்றாக ஓடின. கேமரா கார்டை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் இடம் பற்றாமல் நீக்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பெண்ணின் அம்மா போன் செய்தார். பெண் அழைப்பு வரைக்கும் ஓடுகிறதாம், அப்புறம் ஒன்றும் திறக்கவில்லையாம். பென்டிரைவை வாங்கி வந்து பார்த்தேன். தாலி கட்டும் காட்சி எட்டு நிமிடம். ஃபைலுக்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது. திறந்தால் கறுப்பு. அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “பரவால்ல கண்ணு, போட்டோ இருக்குதல்ல” என்றுதான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பென்டிரைவுக்குள் இருந்தது சின்னச் சிப். உள்ளே இருக்கிற கன்ட்ரோலர் மட்டும், கேட்கிற கம்ப்யூட்டரிடம் “நான் 512” என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருந்தது. இடம் தீர்ந்த பிறகும் அது எழுதுவதாகவே காட்டும். வந்த தகவலைத் தூக்கிப் போட்டுவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதிவிடும். ஃபைல் பெயர்ப் பட்டியல் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் பெயர்கள் மட்டும் பத்திரமாக இருக்கும். அதனால்தான் நம் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது.

இனி எந்தப் பென்டிரைவையும் சோதிக்காமல் கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்து, நானாக ஒரு சோதனை கண்டுபிடித்தேன். ஒரே ஒரு பாட்டு ஃபைலை எடுத்து, பென்டிரைவ் நிறையும்வரை காப்பி செய்தேன். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து கேட்டேன். எல்லாம் பாடியது. தேறிவிட்டது என்று எடுத்து வைக்கப் போனேன். அப்போதுதான் தோன்றியது: மோசம் என்று எனக்குத் தெரிந்த அந்தப் பழைய பென்டிரைவையும் இதே சோதனையில் போட்டுப் பார்த்தால் என்ன? போட்டேன். நண்பர்களே, அதுவும் தேறிவிட்டது! எட்டு நிமிடத் தாலியை விழுங்கிய அதே பென்டிரைவ்.

ஏன் தேறியது என்று யோசிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. எல்லாம் ஒரே பாட்டு. ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டாலும் அடியில் இருப்பதும் அதே பாட்டுதான். எம்.பி.3 ஃபைல் நடுவிலிருந்து தொடங்கினாலும் பாடும். ஆக, என் சோதனையில் எந்தப் பென்டிரைவும் தோற்க வழியே இல்லை. ஒவ்வொரு துண்டும் மற்றதிலிருந்து வேறாக இருக்க வேண்டும், எந்தத் துண்டு எந்த இடத்தில் இருக்க வேண்டியது என்பது அதற்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. இதை ஏற்கெனவே செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 என்று ஒன்று, விண்டோஸுக்கு ஜெர்மனியின் சி.டி. (c't) என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை வெளியிட்ட எச்2டெஸ்ட்டபிள்யூ. இரண்டும் முழு இடத்தையும் நிரப்பி எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். நேரம் எடுக்கும். நொடிக்கு 20 எம்.பி. வேகத்தில் எழுதினால் 512 ஜி.பி.க்கு 7 மணி நேரம். எழுதி முடித்ததும் ஒருமுறை கழற்றிவிட்டு மறுபடி செருகிப் படிக்க விடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் ஞாபகத்தில் இருப்பதையே எடுத்துக் காட்டிவிடலாம். காலி பென்டிரைவில் மட்டும் செய்யுங்கள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு சோதனை யோசித்தால் முதலில் நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளையும், மோசம் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளையும் அதில் போட்டுப் பார்ப்பேன். இரண்டையும் பிரித்துக் காட்டினால்தான் மூன்றாவது பொருளை அதில் வைப்பேன். மளிகைக் கடையில் தராசை முதலில் காலியாகத் தூக்கிக் காட்டுவார்களே, அது மாதிரி. அந்தப் பழைய பென்டிரைவை நான் தூக்கிப் போடவில்லை, இந்த டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கு எனக்கு மிகவும் உபயோகமான பென்டிரைவ் அதுதான்.

“கம்பெனிகளே பெஞ்ச்மார்க், அதாவது பொதுவான அளவுச் சோதனை, வைத்திருக்கிறார்களே, நீங்கள் எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர்களின் வேகத்தை நேர்மையாக ஒப்பிடுவதற்காகவே 1988-இல் ஸ்பெக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒரு நிரல் இருந்தது. அது ஓடுகிற நேரத்தில் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே ஒரு வரியில் செலவாகும். அந்த வரியைக் குறிவைத்துக் கம்பைலர்களை (நிரலைக் கம்ப்யூட்டரின் மொழிக்கு மாற்றுகிற மென்பொருள்களை) செதுக்கினார்கள், மதிப்பெண் பல மடங்கு ஏறியது. மற்ற வேலைகளில் அந்த வேகம் இல்லை. 1992 தொகுப்பில் அதை எடுத்தே விட்டார்கள். 2013-இல் போன்களிலும் இப்படி ஒன்று வெளியே வந்தது: சோதனை ஆப் திறந்திருக்கிறது என்று பெயரை வைத்துத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொள்கிற போன்கள். கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்தால் மாணவன் அதற்கு மட்டும்தானே படிப்பான்? நீங்கள் உங்கள் வீட்டில் யோசித்த சோதனை எந்தத் தொழிற்சாலைக்கும் தெரியாது. அதனால்தான் அதற்கு மதிப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மணி 11 ஆகிவிட்டது. நடுவில் கரண்ட் போனதால் வீடியோவை நிறுத்தியிருந்தேன். பவர்பேங்கைப் பார்ப்போம். இரண்டு புள்ளி.

கேமராவைக் கீழே இறக்குகிறேன். காலையில் செருகிய ஒயரின் மறுமுனையில் இருக்கிற இந்த வெள்ளைக் கட்டிகள் இரண்டும் சிமென்ட் ரெசிஸ்டர், கரண்ட்டை இழுத்து வெப்பமாக்குபவை. ஒவ்வொன்றும் 10 ஓம், 10 வாட். இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்துப் பற்றவைத்தால் 5 ஓம். யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட், ஆகவே 1 ஆம்பியர் ஓடும், அதாவது 5 வாட். போனை வைத்துச் சோதிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். போன் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்து இழுக்கும், பேட்டரி நிறைய நிறைய மெதுவாக்கும். ரெசிஸ்டர் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை ஒரே அளவு சாப்பிடும். நன்றாகச் சுடும், அதனால்தான் டைல்ஸ் துண்டின் மேல் வைத்திருக்கிறேன். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பக்கத்திலேயே இருந்து செய்யுங்கள்.

கணக்கு சுலபம். பவர்பேங்கில் போட்டிருக்கிற எம்.ஏ.எச். உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. 10,000 என்றால் 37 வாட் மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும், 31, 32 வெளியே வந்தால் நேர்மையான பொருள். 5 வாட்டில் ஓடவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க வேண்டும். 20,000 என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். பழைய போன் ஒன்றில் டைம்லேப்ஸ் போட்டு, கடிகாரமும் புள்ளிகளும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு நீங்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

இந்தச் சோதனையிலும் எனக்கு ஒரு அடி விழுந்தது. நல்லது என்று தெரிந்த ஒரு பவர்பேங்க், கணக்குப்படி வர வேண்டியதைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிக நேரம் ஓடியது. அதிகம் ஓடினால் சந்தோஷம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் பேட்டரியில் இல்லாதது எங்கிருந்து வரும்? மல்ட்டிமீட்டரை எடுத்து ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் வைத்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.5 இருந்தது. மீதி அரை வோல்ட் கேபிளிலேயே தங்கிவிட்டது. உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி. அது கரண்ட்டைக் குறைத்ததால் பவர்பேங்க் மெதுவாகக் காலியாகி, அதிக நேரம் தாங்குகிற மாதிரித் தெரிந்தது. மோசமான கேபிள் பவர்பேங்குக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது!

கேபிளை மாற்றினேன், கணக்கு சரியாக வந்தது. அந்தத் தவறிலிருந்தே அடுத்த சோதனையும் கிடைத்தது. அதே ரெசிஸ்டர், அதே பவர்பேங்க், கேபிளை மட்டும் மாற்றி மாற்றிச் செருகி மறுமுனையில் வோல்ட்டைக் குறித்துக்கொள்கிறேன். ஒரு கேபிளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்கள் வீட்டில் இருந்த பதினொரு கேபிளில் நான்கைக் கழித்துவிட்டேன். “புதுப் போன் மெதுவாகச் சார்ஜ் ஆகுது” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததும் அதில் ஒன்றால்தான். கேபிள்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பென்சன் லியூங் என்ற கூகுள் எஞ்சினியர் யு.எஸ்.பி. டைப்-சி கேபிள்களை ஒவ்வொன்றாகத் தானே வாங்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். 2016-இல் ஒரு கேபிளில் பவர் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் இடம் மாறியிருந்து, அவருடைய லேப்டாப்பே பழுதாகிவிட்டது. தனி மனிதர் ஒருவர் பொறுமையாகச் செய்த வேலை அது. அவரைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கும் நோட்டுப் போட்டு எழுதுகிற பழக்கம் வந்தது.

இந்த நோட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அறையின் வெப்பத்தையும் எழுதுகிறேன். இங்கே பங்குனி, சித்திரையில் மதிய வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்கு அடியில் ஒரு போன் நடந்துகொள்வதும் ஏ.சி. ஷோரூமில் நடந்துகொள்வதும் ஒன்றாக இருக்காது.

எல்லையில் இருப்பதால் நமக்கு மட்டும் செய்ய முடிகிற சோதனை ஒன்று இருக்கிறது. வேலந்தாவளம் தாண்டினால் போன் கம்பெனிகளின் கேரள சர்க்கிள் (சேவைப் பகுதி) முடிந்து தமிழ்நாடு சர்க்கிள் வந்துவிடும். சில போன்கள் பழைய டவரை விடாமல் கடைசிக் கோடுவரை பிடித்துக்கொண்டு, சிக்னல் இருப்பதாகக் காட்டியபடி நெட் இல்லாமல் நிற்கும். டெலிவரி வேலை பார்க்கிற தம்பிகளுக்கு இது பெரிய தொல்லை. நான் செய்தது இப்படி: ஒரே கம்பெனி சிம் இரண்டு, போன் இரண்டு. அண்ணன் பைக் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து இரண்டிலும் நெட் இல்லாத நொடிகளை எண்ணினேன். திரும்பும்போது சிம்களை இடம் மாற்றிப் போட்டேன். சிம்மால் வந்த தாமதம் என்றால் அது சிம்மோடு போய்விடும், போனால் வந்தது என்றால் போனிலேயே தங்கும். ஆறு தடவை போய் வந்தோம். அந்த எண்களைத் தனி வீடியோவில் போடுகிறேன், இன்னும் நான்கு தடவையாவது போய் வந்த பிறகு.

இருங்கள், புள்ளி அணைந்துவிட்டது. கடிகாரத்தைப் பாருங்கள், மணி 1.15. நான்கு மணி நேரம் பத்து நிமிடம். 5 வாட்டில் பெருக்கினால் 21 வாட் மணிகூட வரவில்லை. 20,000 என்றால் 62 பக்கம் வந்திருக்க வேண்டும், வந்தது மூன்றில் ஒரு பங்கு. ரெசிஸ்டர் முனையில் காலையில் 5 வோல்ட் இருந்தது, ஆகவே கேபிளில் குறை இல்லை. அறையில் வெப்பம் 36. எழுதிவிட்டேன். இன்று ராத்திரி மறுபடி முழுக்கச் சார்ஜ் ஏற்றி, நாளைக்கும் இதே மேசையில், இதே கேபிளில் இன்னொரு தடவை ஓடவிடுகிறேன். நாளைய நேரமும் இதே மாதிரி வந்தால் பில்லோடு கடைக்குப் போவேன்.