ஸ்ட்ரோஜர் செலக்டர் ஏறிவிட்டது! விலையைக் கேட்டால் திட்டுவீர்கள்

வணக்கம் மக்களே. குன்னூரில் இன்றும் மூடுபனி, கரண்டும் வந்து வந்து போகிறது, அதனால் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். மேசையைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். தட்டில் இருப்பது வர்க்கிதான், வழக்கம்போல. அதற்குப் பக்கத்தில் துணி விரித்து உட்கார வைத்திருக்கிறேனே, அவர்தான் இன்றைய ஆள். ஸ்ட்ரோஜர் செலக்டர். பழைய டெலிபோன் எக்சேஞ்சில், நாம் டயல் செய்யும் எண்ணுக்கு லைனை இணைத்துக் கொடுத்த மெஷின். நேற்று ராத்திரி ஓடத் தொடங்கிவிட்டது!

டயல் போன் வீடியோவில் இது ஒன்று கிடைத்தால் போதும் என்று புலம்பினேனே, அது மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. முதலில் விலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. கடைக்காரர் அதைப் பழைய மிக்ஸி மோட்டார் குவியலில்தான் போட்டிருந்தார். கிலோ கணக்கில் போகிற சரக்கு. "இது என்னண்ணே?" என்று கையில் எடுத்தேன், என் முகமே காட்டிக் கொடுத்துவிட்டது. "தம்பி, அது வெள்ளைக்காரன் காலத்து ஐட்டம். அஞ்சாயிரம்" என்றார். நான் அடித்தகட்டைத் திருப்பிக் காட்டினேன். ஐ.டி.ஐ., பெங்களூர் என்று பொறித்திருக்கிறது, அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். "அண்ணே, வெள்ளைக்காரன் போனது 1947. இந்தக் கம்பெனி தொடங்கியதே 1948." அவர் அசரவே இல்லை. "சரி, நாலாயிரத்து ஐநூறு" என்றார். வெள்ளைக்காரனுடைய மதிப்பு 500 ரூபாய்தான் போலிருக்கிறது. இழுபறி போட்டு 2,800-க்கு முடித்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு, அப்புறம் எதற்கென்றே தெரியாமல் தராசில் வைத்து எடையும் பார்த்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எடைக்குக் கொடுத்திருந்தால் 600 ரூபாய்கூட ஆகியிருக்காது!

இதன் மூதாதையைக் கண்டுபிடித்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் ஒரு அமெரிக்கர், சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டிக்காரரின் மனைவி டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, இவருக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தன் வீட்டுக்காரருக்குத் திருப்பிவிட்டார், அந்த ஆத்திரத்தில்தான் ஆபரேட்டரே வேண்டாத எக்சேஞ்சை யோசித்தார் என்று சொல்வார்கள். காப்புரிமை கிடைத்தது 1891-இல், முதல் எக்சேஞ்ச் இண்டியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் 1892-இல். 1896-இல் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றுவிட்டார். அதே காப்புரிமைகள் 1916-இல் 25 லட்சம் டாலருக்குக் கைமாறின. இதைப் படித்த பிறகு என் 2,800 கொஞ்சம் ஆறியது.

சரி, மெஷினுக்கு வருவோம். நடுவில் செங்குத்தாக ஒரு தண்டு, அதில் பல்வரிசை. ஒரு மின்காந்தம் கொக்கியால் பல்லை இழுத்துத் தண்டை ஒவ்வொரு படியாக மேலே தூக்கும். இன்னொரு மின்காந்தம் அதே தண்டை ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் திருப்பும். தண்டோடு சேர்ந்து வைப்பர்கள், அதாவது இந்த மெல்லிய பித்தளை நாக்குகள், நகரும். கீழே வளைவாக இருப்பது கான்டாக்ட் பேங்க். அதில் கீழிருந்து மேலாகப் பத்து தட்டு, ஒவ்வொரு தட்டிலும் வைப்பர் தொட்டு நிற்கப் பத்து இடம், ஆக நூறு இடம். இரண்டே அசைவில் நூறில் ஒன்றைப் பிடித்துவிடலாம். இதை யோசித்த மூளைக்கு நான் அடிமை.

வந்தபோது தண்டு பாதியில் நின்றது. பழைய எண்ணெய் கோந்தாகிவிட்டிருந்தது, போதாததற்கு நம் ஊர்க் குளிர். எதற்கெடுத்தாலும் டப்பாவை எடுத்து ஸ்ப்ரே அடிக்கும் கூட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். பெட்ரோல், பழைய டூத் பிரஷ், பொறுமை. கடைசியில் கடிகார எண்ணெய் ஊசி முனையளவு. வைப்பர் முனையில் எண்ணெய் படவே கூடாது, அதில் தூசி ஒட்டினால் பேச்சில் கரகரப்பு வரும்.

கரண்டுக்கு யு.பி.எஸ். பேட்டரி நான்கைத் தொடராகப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 12 வோல்ட், முழு சார்ஜில் மொத்தம் 50-ஐத் தாண்டும். எக்சேஞ்சும் 50 வோல்ட்டில்தான் ஓடியது.

இப்போது டயலில் 4 சுற்றுகிறேன், கேளுங்கள். டக் டக் டக் டக்... சர்ர்ர். ஆகா! இன்னொரு தடவை. டக் டக் டக் டக், சர்ர்ர். நேற்று ராத்திரி அம்மா வந்து "தூங்கவே மாட்டியா" என்று கேட்டதற்குக் காரணம் இந்தச் சத்தம்தான்.

என்ன நடந்தது? டயலை முன்னால் சுற்றும்போது ஒன்றுமே நடக்காது. விட்டதும் அது திரும்பி வருமே, அப்போதுதான் லைனை நான்கு முறை அறுத்து அறுத்து ஒட்டுகிறது, நொடிக்குப் பத்து என்ற வேகத்தில். பூஜ்யம் என்றால் பத்து அறுப்பு, அதனால்தான் அது கடைசித் துளையில் இருக்கிறது. ஒவ்வொரு அறுப்புக்கும் தண்டு ஒரு படி ஏறும். நான்கு என்ற எண்ணை இந்த மெஷின் எங்கேயும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. தண்டு நான்காவது தட்டில் நிற்கிறது, அவ்வளவுதான் அதன் ஞாபகம். இதைப் பழைய காலத்துக் கம்ப்யூட்டர் என்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

ஆனால் எண் முடிந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இங்கே மூன்று ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், பாருங்கள், ஏ, பி, சி. ஏ சுறுசுறுப்பான ஆள், ஒவ்வொரு அறுப்புக்கும் விழுந்து எழும். பி, சி இரண்டிலும் கனத்த செப்பு வளையம் இருக்கிறது. அதனால் கரண்ட் போனாலும் அவை உடனே விடாது, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். தூக்கும் காந்தத்துக்குப் போகும் ஒவ்வொரு துடிப்பும் சி வழியாகத்தான் போகிறது. துடிப்புகள் அடுத்தடுத்து வரும்வரை சி விடாது, நின்ற கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். அது விழுந்தால் எண் முடிந்தது என்று அர்த்தம், உடனே வேலை தூக்கும் காந்தத்திலிருந்து திருப்பும் காந்தத்துக்கு மாறும். பி எதற்கு? டயலின் சின்ன அறுப்புக்கும், நாம் ரிசீவரை வைத்துவிடுவதற்கும் வித்தியாசம் பார்க்க. அறுப்பு நீண்டால் பி விழும், தண்டு விடுபட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடும். கடிகாரம் கிடையாது, எண்ணும் கருவி கிடையாது, செப்பு வளையத்தின் சோம்பேறித்தனம்தான் எல்லாம்.

ஆ, பேட்டரியைப் பற்றிச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டேன். பாசிட்டிவ் பக்கத்தைத்தான் எர்த்தில் கட்டுவார்கள். கேபிளில் ஈரம் இறங்கினால், மண்ணைவிட பாசிட்டிவாக இருக்கும் செம்பு அரித்துப் போகும். நெகட்டிவாக வைத்தால் தப்பிக்கும். நம் ஊர் மழையில் இதன் அருமை தெரியும்.

அப்புறம் அந்தச் சர்ர்ர். இது குரூப் செலக்டர். சீசனில் ஊட்டிக்கு வந்தவர் லாட்ஜில் ஒரு மாடி ஏறி, காலி அறை இருக்கிறதா என்று வரிசையாகக் கதவு கதவாகப் பார்ப்பாரே, அந்த வேலைதான். நான்காவது தட்டின் பத்து இடமும் அடுத்த கட்ட செலக்டர்களுக்குப் போகும் பத்து வழிகள். பேச்சுக்கு இரண்டு கம்பி, கூட மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவதில் எர்த் இருந்தால் அந்த வழியில் வேறு யாரோ இருக்கிறார்கள். முதல் மூன்று இடத்தில் நான் கிளிப் மாட்டி எர்த் கொடுத்திருக்கிறேன். பாருங்கள், மூன்றையும் தாண்டி நான்காவதில் நிற்கிறது. பத்தும் நிரம்பியிருந்தால் பதினோராவது படிக்குப் போய் பிஸி டோன் கொடுக்கும். இத்தனையும் நீங்கள் அடுத்த எண்ணுக்கு டயலை இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்!

2347 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செலக்டர் 2 ஏறி வழி தேடும், அடுத்தது 3 ஏறித் தேடும். கடைசியில் இருப்பவருக்கு ஃபைனல் செலக்டர் என்று பெயர், அவர் தேடமாட்டார். 4 ஏறுவார், 7 திரும்புவார், அந்த வீட்டு லைனிலேயே நிற்பார். எங்கேயாவது ஒரு கொக்கி ஒரு பல்லைத் தவறவிட்டால் வேறு வீட்டில் மணியடிக்கும். பழைய ராங் நம்பர்களில் சில இப்படிப் பிறந்தவை.

டயலில் பூட்டுப் போட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். ரிசீவர் தாங்கும் கட்டையைப் படபடவென்று தட்டினாலே போன் போகுமே, அதன் ரகசியமும் இதுதான். தட்டினாலும் லைன் அறும், ஏ ரிலேவுக்கு டயலும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். தாளம் தப்பாமல் தட்டவேண்டும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு வந்த கிராஸ்பார் வகை எக்சேஞ்சை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அது முழு எண்ணையும் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் வழி போடும். தேய்மானம் குறைவு, கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. அப்புறம் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டின் 128 லைன் மின்னணு எக்சேஞ்ச் பெட்டி 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் ஓடத் தொடங்கியது, கிராமங்களுக்கு அது பெரிய விஷயம். இந்தியாவில் முதல் தானியங்கி எக்சேஞ்ச் 1913-14-இல் சிம்லாவில். மலைராணி பட்டத்துக்கு நம்மோடு போட்டி போடுகிற ஊர், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அடுத்து இரண்டு போனை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மணியடிக்கப் போகிறேன். அதற்கு 75 வோல்ட் ஏசி வேண்டும், அதுவும் நொடிக்கு இருபது சுற்றுப் பக்கத்தில், வீட்டு 50 சுற்றுக் கரண்ட் ஒத்துவராது. வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள் இருந்தால் சர்க்யூட்டை அனுப்புங்கள். ஃபைனல் செலக்டர் ஒன்றும் தேவை. வைத்திருப்பவர்கள் விலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்கலாம், வருகிறேன்.