ரைவல் என்றால் வாய்க்கால் பங்காளி

[காட்சி: பாளையங்கால்வாய்க் கரை, விடிந்த நேரம். ஒரு மடையில் தண்ணீர் வயலுக்குப் பிரிகிறது.]

வணக்கம். இங்கிலீஷ் வார்த்தை சொல்லித்தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாய்க்கால் கரையில் வந்து நிற்கிறானே என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பேங்க் பரீட்சைக்கும் எஸ்எஸ்சிக்கும் படிக்கிற பிள்ளைகள் பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு உண்டு. கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. இடப்பக்கம் வார்த்தை, வலப்பக்கம் அர்த்தம், ஒரு நாளைக்கு இருபது. காலையில் ஒப்பிப்பார்கள், ராத்திரிக்குள் பாதி போய்விடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒட்டும் உறவும் இல்லாத இருபது வார்த்தை யாருக்குத்தான் மனதில் நிற்கும்?

இங்கிலீஷில் நம்மை மிரட்டுகிற நீளமான வார்த்தைகளில் பெரும்பாலானவை லத்தீனிலிருந்தோ கிரேக்கத்திலிருந்தோ வந்தவை. லத்தீன் பேசிய பழைய ரோமானியர் ஏர் பிடித்தார்கள், ஆடு மேய்த்தார்கள், வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டார்கள். அதனால் அந்த வார்த்தைகளைத் தோண்டினால் அடியில் வயல்தான் இருக்கும். கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்கு அந்த வயல் புதிதா என்ன?

[காட்சி: மடையின் அருகே. மம்பட்டியால் வரப்பை வெட்டும் கைகள்.]

முதல் வார்த்தை, ரைவல். போட்டியாளர், எதிராளி என்று எல்லோருக்கும் தெரியும். லத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ரீவாலிஸ் என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவன். அதாவது, நமக்கு மேல்மடைக்காரர். அவர் மடையை அடைத்தால்தான் நம் வயலுக்குத் தண்ணீர் வரும். அவர் எதிரியா, கூட்டாளியா? இரண்டும்தான்! ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில் ஒரு காவலாளி தன்னோடு காவல் இருக்க வேண்டியவர்களை ரைவல்ஸ் என்றுதான் சொல்கிறான். அங்கே அதற்கு அர்த்தம் கூட்டாளிகள்.

நம்மிடம் அப்படியே ஒரு சொல் இருக்கிறது: பங்காளி. பங்கு உள்ளவன் என்பதுதான் நேர் அர்த்தம். ஆனால் 'பங்காளிச் சண்டை' என்று சொல்லாத ஊர் உண்டா? ரைவல் என்றால் வாய்க்கால் பங்காளி. இனி மறக்கவே மறக்காது.

அதே ரீவுஸிலிருந்து வந்ததுதான் டிரைவ். கார் ஓட்டுகிற டிரைவ் இல்லை, கணக்கில் ஃபார்முலாவை 'டிரைவ்' பண்ணச் சொல்வார்களே, அது. வாய்க்காலிலிருந்து தண்ணீரை வெட்டித் திருப்புவது என்பது மூலம். மடை திறப்பதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிவர் என்பதும் இதே குடும்பம் என்று தோன்றும். இல்லை. அது ரீபா என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. ரீபா என்றால் கரை. அரைவ், அதாவது வந்து சேர்வது, அதுவும் கரைக் குடும்பம்தான்: கரை சேர்வது. நாம் கூட 'பொண்ணைக் கரை சேத்தாச்சு' என்று சொல்கிறோமே!

[காட்சி: அறுவடை முடிந்த வயல். நடுவில் ஆட்டுக்கிடை.]

அடுத்து ஆடு. அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காகக் கிடை போடுவதை நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். மந்தைக்கு லத்தீனில் கிரெக்ஸ். இந்த ஒரு சொல்லைப் பிடித்துவிட்டால் ஐந்து வார்த்தை கூடவே வரும்.

காங்கிரிகேஷன் என்றால் ஒன்றாகக் கூடிய மந்தை. சர்ச் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வார்த்தை. அந்த மந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்டருக்கும் லத்தீனில் மேய்ப்பர் என்றே அர்த்தம். செக்ரிகேட் என்றால் மந்தையிலிருந்து பிரித்து நிறுத்துவது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தினமும் காலையில் செய்கிறோம். அக்ரிகேட் என்றால் மந்தையோடு சேர்ப்பது, மார்க் எல்லாம் சேர்த்து வருகிற மொத்தம். கிரிகேரியஸ் என்றால் கூட்டத்தோடு இருப்பதை விரும்புகிறவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத நம் அண்ணாச்சிகள் எல்லாம் கிரிகேரியஸ்தான்.

ஐந்தாவதாக, எக்ரீஜியஸ். மந்தையை விட்டுத் தனியாகத் தெரிவது. இந்த வார்த்தை என்னை ஒரு தடவை கவிழ்த்திருக்கிறது. காலேஜ் படிக்கும்போது ஒரு பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை. பழைய டிக்‌ஷனரி ஒன்றில் 'தனித்து விளங்குகிற' என்று போட்டிருந்ததை நம்பி, தலைமை ஆசிரியரை எக்ரீஜியஸ் டீச்சர் என்று மேடையிலேயே புகழ்ந்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த இங்கிலீஷ் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். இன்றைக்கு அந்த வார்த்தைக்கு 'படுமோசமான' என்று அர்த்தம். தப்பு, மோசடி, அத்துமீறல் இவற்றோடுதான் வரும்.

ஒரு காலத்தில் அது நல்ல அர்த்தத்தில்தான் இருந்தது. இத்தாலியில் இன்றும் மரியாதையான கடிதம் 'எக்ரேஜோ' என்று ஆரம்பிக்கும், மதிப்புக்குரிய என்று. இங்கிலீஷில் மட்டும் கவிழ்ந்துவிட்டது. நம் நாற்றம் மாதிரி. 'கற்பூரம் நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டபோது நாறுவது என்றால் மணப்பது. இன்றைக்கு ஒருவர் வீட்டுக்குப் போய், உங்கள் சாம்பார் நன்றாக நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

அதனால் வேர் ஞாபகத்துக்கு மட்டும். அர்த்தத்தை இன்றைய வாக்கியத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உச்சரிப்பையும் செல்போனில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நம் எழுத்தில் 'க' ஒன்றுதான், அதை வைத்து இந்த வார்த்தைகளைச் சரியாகச் சொல்ல முடியாது.

[காட்சி: உழுத வயல், நேரான சால்கள்.]

டெலிரியம். காய்ச்சல் முற்றிப் பிதற்றுகிற நிலை. லத்தீனில் லீரா என்றால் உழவுச் சால். டெலிரியம் என்றால் சால் தப்பிப் போவது. ஏர் சாலை விட்டு விலகினதுபோலப் புத்தி விலகிவிட்டது. இதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

டிரிப்யுலேஷன், பெருந்துன்பம். தமிழ் பைபிளில் 'உபத்திரவம்' என்று வருமே, அது. டிரிபுலும் என்பது கதிரடிக்கிற பலகை. கதிரின் மேல் அதை இழுத்து நெல்லைப் பிரிக்கிற மாதிரி மனிதனைப் போட்டு அடிப்பது. நம் பக்கம் களத்தில் மாடு கட்டிச் சூடடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மெஷின் வந்த பிறகு பிறந்தவர்கள் தாத்தாவிடம் கேளுங்கள்.

பெக்யூனியரி, பணம் சம்பந்தப்பட்ட. பெக்குஸ் என்றால் கால்நடை, அதிலிருந்து பெக்கூனியா, பணம். தமிழிலும் மாடு என்றால் செல்வம். 400ஆம் குறளில் 'மாடல்ல மற்றையவை' என்று வருவதற்கு, கல்வியைத் தவிர மற்றவை செல்வமே அல்ல என்று அர்த்தம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாடுதான் பணம்! இம்பெக்யூனியஸ் என்றால் கையில் காசில்லாதவர். மாசக் கடைசியில் நாம்.

சொற்களின் வேரைத் தோண்டுவது இந்த மாவட்டத்துக்குப் பழக்கமான வேலைதான். இடையன்குடியில் இருந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். நமக்கு அவ்வளவு பெரிய வேலை வேண்டாம். வாரத்துக்கு ஒரே ஒரு வேர் போதும். நோட்டில் நடுவில் அதை எழுதி, சுற்றிலும் அதன் பிள்ளைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரை வைத்து ஒரு வாக்கியம். மறுநாள் நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் மூன்றாம் நாள், அப்புறம் ஒரு வாரம் கழித்து. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி.

அடுத்த வீடியோவில் இங்கேயிருந்து அங்கே போன கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர்...

[குரல், திரைக்கு வெளியே: "ஏலே தம்பி, அந்தக் கேமராவக் கொஞ்சம் தூக்குலே. மடைய அடைக்கணும், கீழ்வயக்காரன் வந்து நிக்கான்."]

இந்தா எடுத்துட்டேன் பெரியப்பா.

[காட்சி: கேமரா ஆடுகிறது. தண்ணீர் சத்தம்.]