வட்டத்துக்குள் நுழைவது

வணக்கம். கும்மி நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் போய்ச் சேர்ந்திருக்கிறீர்களா? கொஞ்சம் தள்ளி நின்று அடியைப் பார்ப்போம். இரண்டு பேருக்கு நடுவே இடம் விழுந்ததும் பக்கவாட்டில் நுழைவோம். சின்ன விமான நிலையத்தில் இறங்க வருகிறவரும் அப்படித்தான் வர வேண்டும்.

நான் பறக்கக் கற்றது அமெரிக்காவில். அங்கே சுமார் 5,000 பொது விமான நிலையங்கள் உண்டு. டவர் உள்ளவை 500 சொச்சம்தான். மற்ற இடங்களில் 'நீ வா, நீ பொறு' என்று சொல்ல ஆளில்லை. ரன்வேயை ஒட்டி, பெரும்பாலும் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி எல்லோரும் சுற்றுவார்கள். அதற்குப் பெயர் சர்க்யூட். வெளியிலிருந்து வருபவர், முன்கூட்டியே அந்த 1,000 அடிக்கு இறங்கிவிட்டு, சாய்வாக உள்ளே வர வேண்டும். முன்கூட்டியே! இதை நான் இன்று இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவனாக இருந்தபோது நான் இறங்கிக்கொண்டே நுழைந்தேன். ரேடியோவில் 'நான் வருகிறேன்' என்று நாலு தடவை சொல்லியாயிற்று, பதிலில்லை. சரி, யாருமில்லை என்று நினைத்தேன். என் விமானத்துக்கு இறக்கை கீழே, காலடியில். அந்த இறக்கையின் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஏதோ நழுவி வந்தது. இன்னொரு இறக்கை! அதன் துணியில் போட்டிருந்த ஒட்டுகூடத் தெரிந்தது. ஆசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏற்றிவிட்டார்.

தரையிறங்கிப் போய்ப் பார்த்தால், ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய விமானம், அதில் ரேடியோவே இல்லை. அது சட்டப்படி தப்பும் இல்லை. "நீங்கள் வந்ததே எனக்குத் தெரியாதே" என்றார். அவருக்கு இறக்கை தலைக்கு மேலே. எனக்குக் கீழே மறைவு, அவருக்கு மேலே மறைவு. ஒரே உயரத்தில் வந்திருந்தால் இருவருமே பார்த்திருப்போம். அதனால்தான் சொல்கிறேன், முன்கூட்டியே இறங்கிவிடுங்கள்.

ரேடியோ இருந்தால் மட்டும் போதுமா? 2022 ஆகஸ்ட்டில் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் இரண்டு விமானிகளும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். சின்ன விமானம் சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் விமானம் சுற்றாமல் நேராக, வழக்கத்தைவிட மிக வேகமாக ரன்வேக்கு வந்தது. மோதியதில் மூன்று பேர் இறந்தார்கள்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, நேரமாயிற்று என்று கையைக் காட்டுகிறார். இங்கிலாந்து முறையைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். 2,000 அடியில் நிலையத்துக்கு நேர் மேலே வந்து, காற்று வீசும் திசையைக் காட்டும் துணிப்பையைப் பார்த்துக்கொண்டு, யாரும் சுற்றாத பக்கமாக 1,000 அடிக்கு இறங்கி, அப்புறம் சேருவார்கள். பாருங்கள், அங்கேயும் முன்கூட்டியேதான். நன்றி, வணக்கம்.