குளிர் மலையில் செடி வளர்க்க மூன்று பக்கம் சுவர் எதற்கு?

(காட்சி: யாழ்ப்பாணம், பின்னேரம் ஆறு மணி. கல் மதிலில் ஒரு கை.)

வணக்கம். வெயில் தாழ்ந்துவிட்டது. ஆனால் இந்த மதிலில் சாய்ந்து பாருங்கள், முதுகு சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை மதில் இப்போதுதான் கக்குகிறது. எங்களுக்கு இது தொல்லை. இதே மதில் வட இந்தியாவின் இமயமலைப் பகுதியான லடாக்கில் இருந்தால் ஒரு கீரைப்பாத்தியைக் காப்பாற்றும்.

(காட்சி: லே நகரம், பனிமலைகள்.)

லடாக்கின் லே நகரம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரம். குளிர்கால இரவுகளில் மைனஸ் 20 பாகை வரைகூட இறங்கும். ஆனால் வானம் பெரும்பாலும் தெளிவு, வெயிலுக்குக் குறைவில்லை. இரவுதான் பிரச்சினை.

நாலு பக்கமும் பொலித்தீன் மூடிய, செடி வளர்க்கும் குடில் பகலில் நன்றாகச் சூடாகும். பொழுது பட்டதும் அந்தச் சூடு அதே பொலித்தீன் வழியாகத் தப்பிப் போய்விடும். அதனால் அங்கே வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் தடித்த மண்கல் சுவர். சில இடங்களில் இரட்டைச் சுவர், நடுவில் வைக்கோல். தெற்கு மட்டும் பொலித்தீன்.

ஏன் தெற்கு? எங்களுக்கு ஆனி மாதம் நடுப்பகல் சூரியன் வடக்கே போய்விடும். லே 34 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுக்கத் தெற்கிலேயே நிற்கும். மார்கழியில் அடிவானத்திலிருந்து சுமார் 32 பாகை உயரம்தான். சாய்ந்து வரும் அந்த வெயில் வடக்குச் சுவரில் விழும். சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு அடிப்பது அதற்குத்தான்.

சுவர் போதாதென்றால் குடிலுக்குள் தண்ணீர்ப் பரல்; அதுவும் பகலில் சூடேறி இரவில் சூட்டை விடும். 200 லீற்றர் பரல் ஒன்று 10 பாகை குளிரும்போது விடும் சூடு, 1,000 வாற்ஸ் ஹீற்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போட்டதற்குச் சமம். கரண்ட் பில் வராது!

(காட்சி: குடிலின் குறுக்குவெட்டுப் படம்.)

சரி, ஆய்வுக்கான குடில் என்றால் இன்னொரு தலையிடி. சந்தைக்கு வளர்ப்பவருக்குச் செடி பிழைத்தால் போதும். ஆய்வாளருக்கோ, செடி செழித்தது விதையாலா, சுவரோரம் நின்றதாலா என்று தெரியவேண்டும். சுவரோரம் சூடு, பொலித்தீனோரம் குளிர். ஒப்பிடும் வகைகள் எல்லாம் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும்படி நடவேண்டும். வெப்பமானியும் நடுவில் ஒன்று தொங்கினால் போதாது. இரண்டு ஓரத்திலும் மண்ணுக்குள்ளும் வேண்டும், வெயில் நேரே படாமல்.

பலர் கோட்டைவிடுவது, பகல் சூட்டை வெளியேற்றும் மின்விசிறியில். அந்த உயரத்தில் காற்றழுத்தம் எங்கள் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இங்கே கணக்குப் போட்டு வாங்கிய விசிறி அங்கே அதே வேகத்தில் சுழன்றாலும் மெல்லிய காற்றைத்தான் தள்ளும், சூட்டை முழுக்க வெளியேற்றாது. வெளியே உறைபனி, உள்ளே நடுப்பகலில் செடி வாடும்.

(காட்சி: மறுபடி மதில்.)

அப்புறம், இதைப் பார்த்துவிட்டு யாரும் இங்கே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் மூன்று பக்கம் சுவர் எழுப்பிவிடாதீர்கள். பாண் போறணைதான் கிடைக்கும். எங்களுக்கு வேண்டியது நிழல்வலை, பூச்சிவலை கட்டிய திறந்த பக்கங்கள், கூரை உச்சியில் சூடு வெளியேற ஒரு வழி. அதை அடுத்த வீடியோவில், நடுப்பகல் 12 மணிக்குக் குடிலுக்குள்ளேயே நின்று காட்டுகிறேன்.